படலையடியில் ஒரு குறி: சிறுதொழிலை இணையத் தேசப்படத்தில் பதிவுசெய்தல்

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுக்கும், வேறோர் இடத்தில் காணி பெற்றுக் குடியேறியவர்களுக்கும் பொதுவான ஒரு தொல்லை உண்டு. அது வழி சொல்லும் தொல்லை. “பழைய சங்கக்கடையைத் தாண்டி வாருங்கள்” என்று சொல்ல வாய் வருகிறது, சங்கக்கடை இடிந்துபோய்விட்டது. “ஆலமரத்தடியில் திரும்புங்கள்” என்கிறோம். அந்த மரமும் இல்லை. ஊரவருக்கு இவை இல்லாமலே வழி தெரியும். ஆனால் எமது பொருளை வாங்க வருகிறவர் பெரும்பாலும் ஊரவர் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ சிறு லொறியில் வருகிறவர் கைத்தொலைபேசியிலுள்ள தேசப்படத்தைப் பார்த்தே வருகிறார். அதில் எமது தொழிலின் பெயர் இல்லாவிட்டால் சந்தியிலுள்ள இடைத்தரகரிடம் போய்ச் சேருகிறார். இடைத்தரகர் எம்மிடம் வாங்கியதையே அவருக்கு விற்கிறார்.

இந்தப் பாடத்தில் அந்தத் தேசப்படத்தில் எமது இடத்தை நாமே பதிவுசெய்யும் முறையைப் படிப்போம். பலரும் இன்று பயன்படுத்துவது 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கூகுள் மப் என்பதால் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். “உங்கள் கடையைப் படத்தில் போட்டுத் தருகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள்” என்று தொலைபேசியில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

நாங்கள் விட்ட பிழை

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் ஒரு குடும்பம் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்களை உற்பத்தி செய்து விற்கிறது. தாயும் மகளும் வேலையைப் பார்க்கிறார்கள். இவர்களுக்கு உதவுவதாக நினைத்து, எங்கள் அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் இருந்தபடியே விபரங்களை நிரப்பினோம். வீதிக்குப் பெயர் இல்லை, வீட்டுக்கு இலக்கம் இல்லை. ஆகவே கிராமத்தின் பெயரை மட்டும் எழுதினோம். தேசப்படம் கிராமத்தின் நடுப்பகுதி என்று தான் கருதிய ஓரிடத்தில் குறியை வைத்தது. அது உண்மையான படலையிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் தள்ளி, ஒரு குளக்கட்டின் மேல் இருந்தது.

நாற்று வாங்க வந்த ஒருவர் நடு வெயிலில் குளக்கட்டில் நின்றுகொண்டு தொலைபேசி எடுத்தார். அந்தத் தாய் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “ஐயா, படத்தில் இல்லாதபோது ஒருவரும் வரவில்லை, இப்போது வருகிறவர்கள் குளத்துக்குப் போகிறார்கள்” என்று மட்டும் சொன்னார். பிழையான குறி, குறி இல்லாததிலும் கெடுதியானது என்பதை அன்று கற்றுக்கொண்டோம். ஒரு தடவை ஏமாந்து திரும்பிய வாடிக்கையாளர் இரண்டாம் தடவை வரமாட்டார்.

நிலஅளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டை அளந்து வருகிறது. அதன் ஓர் அங்குலத் தேசப்படங்களில் சிறு குளங்களும் வண்டிப் பாதைகளும்கூடக் காணப்படும். அந்த வேலையை அளவையாளர் செய்தார். நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். இணையத் தேசப்படம் அப்படியல்ல. வீதிகளும் குளங்களும் ஓரளவு அதில் வந்துவிடுகின்றன. ஆனால் ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு சிறுதொழில், யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தகுந்தவர் அந்த இடத்தில் இருப்பவரே.

இடத்தைச் சரியாகப் பிடித்தல்

கிராமத்தின் பெயரை நம்பவேண்டாம். புதுக்குடியிருப்பு என்ற பெயரில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் ஊர் உண்டு, மட்டக்களப்பு மாவட்டத்திலும் உண்டு, மன்னாரிலும் உண்டு. தருமபுரம், விசுவமடு போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். ஆகவே கிராமத்தின் பெயரோடு மாவட்டத்தின் பெயரையும் எழுதவேண்டும். அதோடு நில்லாமல் குறியைக் கையாலேயே நகர்த்தி வைக்கவேண்டும்.

குறி வைக்கும் வேலையை வீட்டுக்குள் இருந்து செய்யாதீர்கள். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போங்கள். வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். அடர்ந்த மாமரத்தின் கீழோ தகரக் கூரையின் கீழோ வேண்டாம். தொலைபேசி தான் நிற்கும் இடத்தைச் செய்மதிகளின் உதவியோடுதான் அறிகிறது. தேசப்படத்தில் ஒரு நீலப் புள்ளியும் அதைச் சுற்றி மங்கலான ஒரு வட்டமும் தெரியும. வட்டம் பெரிதாக இருந்தால் தொலைபேசிக்கு இன்னும் நிச்சயமில்லை என்று பொருள். வட்டம் சுருங்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். பின்னர் செய்மதிப் படத்தைத் திறந்து, உங்கள் கிணறும் கூரையும் தெரிகின்றனவா என்று ஒப்பிடுங்கள். செய்மதிப் படம் சில ஆண்டுகள் பழையதாகவும் இருக்கலாம். புதிதாகக் கட்டிய வீடு தெரியாவிட்டால் பயப்படவேண்டாம். கிணறு, பனைவரிசை, வீதி வளைவு ஆகியவற்றை வைத்துப் பிடித்துவிடலாம்.

குறி காணியின் நடுவில் இருக்கவேண்டுமா, படலையில் இருக்கவேண்டுமா என்று கேட்பீர்கள். வாகனம் எங்கே வந்து நிற்கவேண்டுமோ அங்கே இருக்கட்டும். இரண்டு ஏக்கர்க் காணியின் நடுவில் குறியை வைத்தால், சில வேளை தேசப்படம் பின்பக்கத்து வீதியால் வழிகாட்டிவிடும்; அங்கே வேலிதான் இருக்கும்.

இடத்தை எண்களாலும் சொல்லலாம். அகலக்கோடு, நெடுங்கோடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். கிளிநொச்சிப் பக்கம் அகலக்கோடு 9 பாகையும் சில தசமங்களும், நெடுங்கோடு 80 பாகையும் சில தசமங்களும் ஆகும். தசமப் புள்ளியின் பின் இரண்டு இலக்கம் மட்டும் எழுதினால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வரை பிழை வரலாம். நான்கு இலக்கம் எழுதினால் பிழை பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் வந்துவிடும். 9ஐ முதலிலும் 80ஐப் பின்னும் எழுதவேண்டும். மாற்றி எழுதினால் உங்கள் தோட்டம் வடதுருவத்துக்கு அண்மையிலுள்ள பனிக்கடலில் போய் நிற்கும். மிளகாய் அங்கே வளராது.

இதைவிடச் சுலபமான ஒன்று பிளஸ் கோட் என்பது. தேசப்படத்தில் உங்கள் இடத்தை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால், எழுத்தும் இலக்கமும் கலந்து நடுவில் ஒரு கூட்டல் குறியோடு கூடிய சிறு குறியீடு தோன்றும். அது ஏறக்குறைய 14 மீற்றர் நீளமும் 14 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தைக் குறிக்கிறது. உலகத்தில் எந்த இடத்துக்கும், வீதிப்பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்படி ஒரு குறியீடு உண்டு. அதோடு கிட்டிய பட்டினத்தின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் போதும். சாதாரணத் தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்கூட இதைக் கடதாசியில் எழுதி வைத்திருந்து, லொறிச் சாரதிக்கு வாயால் சொல்லலாம். வீட்டு இலக்கம் இல்லாத எமக்கு இது ஒரு முகவரி. பெயர்ப்பலகையின் அடியிலும் எழுதிவிடுங்கள்.

பெயரும் தொழில்வகையும்

பெயர்ப்பலகையில் உள்ள பெயரே தேசப்படத்திலும் இருக்கவேண்டும். “மலிவான தரமான நாற்று விற்பனை” என்றெல்லாம் பெயரோடு ஒட்டவேண்டாம். அது விதிக்கு மாறானது. அதற்காகப் பதிவை இடைநிறுத்தவும் கூடும். தேடுகிறவர்களில் பலர் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ஆகவே பலகையில் தமிழில் பெரிதாகவும் அதன் கீழ் ஆங்கிலத்தில் சிறிதாகவும் எழுதிவைப்பது நல்லது. தெற்கிலிருந்து வியாபாரிகள் வரும் பகுதியானால் சிங்களத்திலும் எழுதலாம். பலகை இல்லாதவர்கள் முதலில் ஒரு பலகை செய்யுங்கள். பழைய தகரமும் ஒரு பேணி பெயின்ரும் போதும்.

தொழில்வகை என்பது வேறு. அதை நாமாக எழுத முடியாது. தரப்பட்டிருக்கும் பட்டியலிலிருந்து தெரிவுசெய்யவேண்டும். இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நாற்று உற்பத்தி செய்யும் இடத்தை விவசாயத் திணைக்களத்தாரும் நாமும் “தவறணை” என்று சொல்வதுண்டு. ஆனால் எமது ஊரில் தவறணை என்றால் கள்ளுத் தவறணைதான் முதலில் நினைவுக்கு வரும். அது வேண்டாம் என்று “நேர்சரி” என்று தேடினால் பாலர் பாடசாலைகள் வருகின்றன. மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைசியில் பட்டியலில் “பிளான்ற் நேர்சரி” என்ற வகையைக் கண்டுபிடித்தோம். தொழில்வகை பிழைத்தால், தேடுகிறவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஆகையால் அவசரப்படாமல் இரண்டு மூன்று சொற்களைத் தட்டிப் பாருங்கள். உங்களைப் போன்ற தொழில் செய்யும் வேறோர் இடத்தைத் தேசப்படத்தில் திறந்து, அது எந்த வகையில் பதியப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதும் நல்ல வழி.

வீட்டைக் காட்டவேண்டுமா?

இது ஆறுதலாக யோசிக்கவேண்டிய கேள்வி. பதிவு செய்யும்போது “வாடிக்கையாளர் உங்கள் இடத்துக்கு வருவார்களா?” என்று கேட்கப்படும். நாற்று விற்பவர், அரிசி ஆலை வைத்திருப்பவர், சைக்கிள் திருத்துபவர் ஆகியோர் ஆம் என்று சொல்லவேண்டும். லான்ட்மாஸ்டர் கொண்டு மற்றவர் வயலை உழுது கொடுப்பவர், கிணறு இறைப்பவர், கூரை வேய்பவர் ஆகியோரிடம் ஒருவரும் வருவதில்லை, இவர்கள்தான் போகிறார்கள். இத்தகையவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, தாங்கள் வேலைக்குப் போகும் ஊர்களை மட்டும் குறிப்பிடலாம். இருபது ஊர்கள் அல்லது பகுதிகள் வரை எழுத இடமுண்டு. மிகத் தூரத்தையும் போடவேண்டாம். வாகனத்தில் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட தூரமே ஏற்றது.

வீட்டில் பெண்கள் தனியே இருக்கும் குடும்பங்கள் எம்மிடையே அதிகம். வீட்டுப் படலையையும் தொலைபேசி இலக்கத்தையும் உலகம் முழுவதற்கும் காட்டுவது அவர்கள் மட்டுமே எடுக்கவேண்டிய முடிவு. சங்கத் தலைவரோ, திட்ட உத்தியோகத்தரோ, நாங்களோ எடுக்கக்கூடாது. வீட்டைக் காட்ட விரும்பாதவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து சந்தியடியில் ஒரு கொட்டில் போட்டு, அதையே பதிவுசெய்யலாம். வியாபாரத்துக்கென்று வேறு சிம் இலக்கம் ஒன்றை வைத்திருப்பதும் நல்லது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். தேசப்படத்தில் குறி விழுந்துவிட்டால் காணி எமதாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. குறி உறுதியும் அல்ல, பேர்மிற்றும் அல்ல. காணிக் கச்சேரியில் அதைக் காட்டிப் பயனில்லை. அதேபோல வேறொருவர் உங்கள் காணியில் தனது பெயரைக் குறித்துவிட்டாலும் உங்கள் உரிமை போய்விடாது. காணிப் பிணக்குத் தீராத இடத்தில் இருப்பவர்களும், உறவினர் வீட்டில் தற்காலிகமாக இருப்பவர்களும் முகவரியை மறைக்கும் முறையைப் பின்பற்றுவது புத்தி. பின்னர் இடம் நிச்சயமானதும் அதே பதிவில் முகவரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உறுதிப்படுத்தல்

விபரங்களைக் கொடுத்தவுடன் பதிவு உங்களுடையதாகிவிடாது. நீங்கள்தான் அந்தத் தொழிலை நடத்துகிறீர்கள் என்பதை உறுதிப்படுத்தும்படி கேட்கப்படும். தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்புவது ஒரு முறை. காணொளி எடுத்து அனுப்பச் சொல்வது இன்னொரு முறை. எந்த முறை என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

இலக்கம் வந்தால் அதைப் பிறருக்குச் சொல்லவே கூடாது. “நாங்கள் கூகுளிலிருந்து பேசுகிறோம், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்பவரிடம் சொன்னால், உங்கள் பதிவு அவர் கைக்குப் போய்விடும்.

காணொளியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நாங்களும் முதல் தடவை தடுமாறினோம். நாற்றுக்களை மட்டும் அழகாகப் படம்பிடித்து அனுப்பினோம், ஏற்கப்படவில்லை. காணொளி வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக, அரை நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அதில் மூன்று விடயங்கள் தெரியவேண்டும். இடம் எங்கே இருக்கிறது என்பது முதலாவது: வீதியில் தொடங்கி, பக்கத்திலுள்ள மதகு அல்லது கட்டடத்தைக் காட்டி, படலைக்கு வாருங்கள். தொழில் உண்மையாக நடக்கிறது என்பது இரண்டாவது: பெயர்ப்பலகை, நாற்றுத் தட்டங்கள், தெளிகருவி, தராசு. நடத்துகிறவர் நீங்கள்தான் என்பது மூன்றாவது: களஞ்சியத்தின் பூட்டை உங்கள் திறப்பால் திறந்து காட்டலாம், பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப்பதிவுச் சான்றிதழ் இருந்தால் அதைக் காட்டலாம். முகத்தைக் காட்டவேண்டியதில்லை. அடையாள அட்டை இலக்கம், வங்கிப் புத்தகம், மற்றவர்களின் முகம் ஆகியவை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காணொளி பொதுமக்கள் பார்வைக்கு வராது. பார்வையிட்டுப் பதில் அனுப்ப ஐந்து வேலைநாட்கள் வரை எடுக்கலாம்.

திறப்பு யார் கையில்?

பதிவு செய்யப்படுவது ஒரு கூகுள் கணக்கின் கீழ். அந்தக் கணக்கு யாருடையதோ அவரே பதிவின் உரிமையாளர். பெரும்பாலான வீடுகளில் மகனோ மருமகனோ தன் கணக்கில் செய்துவிடுகிறார். பிறகு அவர் கட்டாருக்குப் போகிறார், தொலைபேசி மாறுகிறது, கடவுச்சொல் மறந்துபோகிறது. வீட்டிலுள்ள தாயால் நேரத்தைக்கூட மாற்ற முடிவதில்லை. சில இடங்களில் உதவி செய்ய வந்த நிறுவனத்தின் கணக்கிலேயே கிராமத்துப் பதிவுகள் எல்லாம் கிடக்கின்றன. திட்டம் முடிந்து அலுவலகம் மூடப்பட்டால் திறப்பையும் கொண்டுபோய்விட்டதாகத்தான் கொள்ளவேண்டும்.

எனவே தொழிலை நடத்துகிறவரின் பெயரிலேயே புதிய கணக்கொன்றைத் திறவுங்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி, காணிப் பத்திரங்கள் வைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். பிள்ளைகளை முகாமையாளராகச் சேர்க்கலாம். முகாமையாளர் நேரத்தை மாற்றலாம், படம் போடலாம்; ஆனால் பதிவை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. நாங்கள் அந்த நாற்றுக் குடும்பத்துக்கு முதலில் எங்கள் கணக்கில்தான் செய்தோம். பின்னர் தாயின் கணக்கை உரிமையாளராக்கிவிட்டு நாங்கள் விலகிக்கொண்டோம்.

பதிந்த பின்

தேசப்படத்தில் உள்ள விபரத்தில் யாரும் திருத்தம் முன்மொழியலாம். “இந்த இடம் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது” என்று அறியாமல் ஒருவர் அறிவித்தால், அது அப்படியே காட்டப்படவும் கூடும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்ததுபோல ஓர் அனர்த்தம் வந்தால், “தற்காலிகமாக மூடப்பட்டது” என்று நீங்களே போடுங்கள். வெள்ளம் வடிந்ததும் எடுத்துவிடுங்கள். மீண்டும் இடம் மாறவேண்டி வந்தால் பழையதை மூடிப் புதிதாகத் தொடங்கவேண்டாம். அதே பதிவில் முகவரியை மாற்றினால் வாடிக்கையாளர் எழுதிய கருத்துக்களும் உங்களோடு கூடவே வரும்.

கருத்துக்களைப் பற்றி ஒரு வார்த்தை. உறவினரைக் கொண்டு நல்ல கருத்து எழுதுவிப்பதும், கருத்து எழுதினால் விலை குறைப்பதாகச் சொல்வதும் விதிப்படி தவறு. உண்மையில் வாங்கியவரிடம் எழுதும்படி கேட்கலாம். ஒருவர் குறை எழுதினால் கோபப்படாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை வாசிக்கப்போவது குறை சொன்னவர் மட்டுமல்ல, அடுத்ததாக வர யோசிக்கிறவரும்தான்.

ஓப்பன் ஸ்ட்ரீற் மப் என்ற இன்னொரு தேசப்படமும் உண்டு. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட இதைத் தொண்டர்களே வரைகிறார்கள். எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அனர்த்த காலங்களில் நிவாரண நிறுவனங்கள் பலவும் இதையே எடுத்துக்கொள்கின்றன. இணையத் தொடர்பு இல்லாத வேளையிலும் பார்க்கக்கூடிய செயலிகள் பல இதிலிருந்தே படத்தைப் பெறுகின்றன. இதில் காணொளி கேட்கமாட்டார்கள். உங்கள் ஒழுங்கையே தேசப்படத்தில் இல்லாவிட்டால் இங்கே நீங்களே அதை வரைந்துவிடலாம். கிராமத்து இளைஞர்கள் ஒரு வார இறுதியில் செய்துமுடிக்கக்கூடிய வேலை. ஒரு வீட்டின் சொந்த விபரங்களையும் பெயர்களையும் மட்டும் இதில் போடவேண்டாம்.

குழுவாகச் செய்து பார்க்க

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் முற்றத்தில் கூடி, மணலில் தடியால் உங்கள் கிராமத்தை வரையுங்கள். வீதி, ஒழுங்கை, குளம், கிணறு என்று முதியவர்கள் சொல்லச் சொல்ல இளையவர்கள் வரையட்டும். தொழில் செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கல் வையுங்கள். இடத்தைக் காட்ட விரும்புகிறவர், விரும்பாதவர் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். விரும்பாதவரிடம் காரணம் கேட்கவேண்டாம், கல்லை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு தொலைபேசியில் தேசப்படத்தைத் திறந்து மணல் படத்தோடு ஒப்பிடுங்கள். எந்த ஒழுங்கை விடுபட்டிருக்கிறது? எந்தப் பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது?

முதலாவது குடும்பத்தின் பதிவு முடிந்ததும், வேறோர் ஊரைச் சேர்ந்த, வழி தெரியாத ஒருவரைப் பிரதான வீதியிலிருந்து தேசப்படத்தை மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள். தொலைபேசியில் வழி கேட்க விடாதீர்கள். அவர் படலையடிக்கு வந்து சேர்ந்தால் குறி சரி. குளக்கட்டில் போய் நின்றால், மறுபடியும் படலையடிக்குப் போய்க் குறியை நகர்த்துங்கள்.